மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி? உடல் தேறியதும் நிறுத்திவிடலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறார். மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எப்படி உட்கொண்டால் தீங்கு நேராது என்பது ஒன்று. 7 நாள்களுக்கு எழுதப்பட்டிருக்க, மூன்றாம் நாளே உடல் தேறிவிட்டால் மீதியை நிறுத்திவிடலாமா என்பது மற்றொன்று. மருந்தாளுநராகப் பணிபுரியும் நான் இவ்விரண்டையும் அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஆன்டிபயாடிக்கால் விளையும் சிக்கல்களில் பல, முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று சொல்லப்படாமல் போவதில் தொடங்குகின்றன என்பதால், அங்கிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

முன்பு எந்த மருந்தாவது உங்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்கியிருந்தால் அதை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். "பென்சிலின் எனக்கு ஆகாது" என்று மட்டும் சொல்வது போதாது. மாத்திரையை விழுங்கி எவ்வளவு நேரத்தில் என்ன நேர்ந்தது, தோலில் அரிப்புடன் தடிப்புகள் எழுந்தனவா, உதடும் நாக்கும் வீங்கினவா, மூச்சுத் திணறியதா, அல்லது வயிறு மட்டும் புரட்டியதா என்பதை விளக்க வேண்டும். வெறும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் பொதுவாகப் பக்க விளைவுகளே. அவற்றை ஒவ்வாமை என்று பதிவு செய்துவிட்டால் அந்தப் பதிவு வாழ்நாள் முழுவதும் உங்களைத் தொடரும். தங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகக் கருதுபவர்களை முறையாகப் பரிசோதித்துப் பார்த்தால், அவர்களில் 10இல் 9 பேர் அந்த மருந்தைத் தாங்கக்கூடியவர்களாகவே இருக்கிறார்கள். ஆனால் பரிசோதிக்கும்வரை அவர்களுக்குப் பொருத்தமான எளிய மருந்தை விட்டுவிட்டு வேறொன்றையே மருத்துவர் தேட வேண்டியிருக்கிறது. அதே வேளையில், உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே மாத்திரைகூட உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், வீட்டிலேயே உட்கொண்டு சோதித்துப் பார்க்கும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது. அமாக்சிசிலினும், அதனுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரையும் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயர் இதைக் காட்டிக் கொடுக்காது. ஆகவே அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள், அல்லது படித்துச் சொல்லும்படி கேளுங்கள்.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்துகள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் என்னும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று சேர்ந்தால் இரத்தக் கசிவு நேரலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினுடன் கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் சேரும்போது தசைகள் சிதையும் ஆபத்து உண்டு என்பதால் இவ்விரண்டையும் ஒன்றாகத் தருவதில்லை. மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குக் கோட்ரைமாக்சசோல் தரப்பட்டால் எலும்பு மச்சையின் செயல்பாடே முடங்கக்கூடும். கருவுற்றிருத்தல், தாய்ப்பால் கொடுத்தல், சிறுநீரகக் குறைபாடு, கல்லீரல் நோய், வலிப்பு ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் தேர்வும் அளவும் இவற்றால் மாறும்.

மாத்திரை கைக்கு வந்த பிறகு பலரும் கேட்பது உணவுக்கு முன்பா, பின்பா என்பதுதான். எல்லா ஆன்டிபயாடிக்குகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. அமாக்சிசிலினை உணவோடும் உணவில்லாமலும் எடுக்கலாம். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்ததை உணவின் தொடக்கத்தில் எடுத்தால் அந்த அமிலம் நன்றாக உட்கிரகிக்கப்படுவதோடு வயிற்றுத் தொல்லையும் குறையும். செஃபுராக்சிம் மாத்திரையும் நைட்ரோஃபுரான்டாயினும் உணவோடு எடுக்கப்பட வேண்டியவை. ரிஃபாம்பிசினும் ஃப்ளூக்ளாக்சசிலினும் வெறும் வயிற்றில் எடுக்கப்பட வேண்டியவை. ஆகையால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை உங்கள் மாத்திரைக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

இதைவிட அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் முதலிய மருந்துகளும், டாக்சிசைக்ளின் முதலிய டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும், குடலில் கால்சியம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றைச் சந்திக்கும்போது அவற்றோடு பிணைந்து, இரத்தத்தில் கலக்க இயலாத கூட்டுப்பொருளாக மாறிவிடுகின்றன. நெஞ்செரிச்சலுக்காகக் குடிக்கும் அமிலமுறி மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, தாதுக்கள் கலந்த வைட்டமின் மாத்திரை ஆகிய எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன. வேளை தவறாமல் மாத்திரையை விழுங்கியும் நோய் குறையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நோயாளிக்கோ அது தெரியவே தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசினை இத்தகைய மருந்துகளுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும் என்பது அதன் குறிப்பேட்டில் உள்ள அறிவுறுத்தல். வேறு உணவில்லாமல் பாலுடனோ தயிருடனோ அதை விழுங்கக் கூடாது. முழு உணவின் ஒரு பகுதியாகப் பால்பொருள் இருப்பதில் பெரிய தடையில்லை. மருந்து வாங்கும்போதே நீங்கள் எடுத்துவரும் சத்து மாத்திரைகளின் பெயரையும் சொல்லி, எதை எப்போது எடுப்பது என்று மணிக்கணக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சத்து மாத்திரைகளை மருந்து என்றே பலர் கருதுவதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டாக்சிசைக்ளினுக்கு மற்றொரு எச்சரிக்கையும் தேவை. அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணை உண்டாக்கும். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்கு, விழுங்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் எரியும் கடும் வலி வருவது இதனால்தான். உட்கார்ந்தோ நின்றோ, ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, குறைந்தது 30 நிமிடங்கள் படுக்காமல் இருக்க வேண்டும். இம்மருந்தை எடுக்கும் நாள்களில் கடும் வெயிலையும் தவிர்ப்பது நல்லது. தோல் எளிதில் கருகிப் புண்ணாகும். மெட்ரோனிடசோல், டினிடசோல் எடுப்பவர்கள் மருந்து முடிந்து 3 நாள்கள் ஆகும்வரை மது அருந்தக் கூடாது.

நாளுக்கு மூன்று வேளை என்றால் 24 மணி நேரத்தையும் கூடியவரை சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என்று பொருள். அமாக்சிசிலின் போன்றவை இரத்தத்தில் போதிய அளவு தொடர்ந்து இருக்கும் நேரத்தைப் பொறுத்தே பாக்டீரியாவைக் கொல்கின்றன. காலையிலும் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் எடுத்து முடித்துவிட்டால் இரவு முழுவதும் மருந்தில்லாமல் கழியும். அதற்காக நள்ளிரவில் விழிக்க வேண்டியதில்லை; எழுந்ததும், பிற்பகலிலும், படுக்கும் முன்பும் எடுத்தால் போதும். அசித்ரோமைசின் உடலில் நெடுநேரம் தங்குவதால்தான் அதை நாளுக்கு ஒரு வேளை, சில நாள்கள் மட்டும் தருகிறார்கள். ஒரு வேளையை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிட வேண்டும். ஈடுகட்டுவதற்காக இரண்டு மாத்திரைகளை ஒன்றாக விழுங்கக் கூடாது.

குழந்தைகளுக்கான திரவ மருந்து பெரும்பாலும் தூளாக வரும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைக் குப்பியில் உள்ள கோடுவரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் மறுபடியும் கோடுவரை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கிய பிறகே அளக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாள்களில் நீர்த்த மருந்தும் கடைசி நாள்களில் அடர்த்தியான மருந்தும் குழந்தைக்குள் போகும். சமையலறைக் கரண்டிகள் ஒரே அளவுடையவை அல்ல என்பதால், மில்லிலிட்டர் குறிக்கப்பட்ட குப்பி மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

மூச்சுத் திணறல், முகமோ தொண்டையோ வீங்குதல், உடலெங்கும் தடிப்புகளோடு மயக்கம், தோல் கொப்புளித்து உரிதல், வாயிலும் கண்களிலும் புண் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தை எடுக்கும்போது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் வலியோ வீக்கமோ வந்தால் அடுத்த வேளையை எடுக்காமல் மருத்துவரை அணுகுங்கள். தசைநாண் அறுந்துபோகும் இந்த ஆபத்தைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அவற்றின் குறிப்பேட்டில் சேர்க்கச் செய்தது; 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். ரிஃபாம்பிசினால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாக மாறுவது அச்சப்படத்தக்கதன்று; ஆனால் அது கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. தொடங்கினால் முடிக்க வேண்டும் என்ற அறிவுரையின் பின்னே உண்மையான கவலை இருக்கிறது. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் ஆற்றிய நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்தை எடுத்தால் பாக்டீரியா அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அதற்குப் பிந்தைய ஆய்வுகள் மற்றொரு பக்கத்தையும் காட்டியுள்ளன. நோயோடு தொடர்பில்லாமல் நம் குடலிலும் தோலிலும் வாழும் பாக்டீரியாக்களும் நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் எதிர்கொள்கின்றன. தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் அவற்றுள் மருந்துக்குப் பணியாதவை பெருக இடம் தருகிறது. அதனால்தான் மருத்துவமனைக்கு வெளியே தொற்றும் சாதாரண நிமோனியா நன்கு தேறிவந்தால் இன்று 5 நாள் சிகிச்சையே பலருக்குப் போதும் என்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கு, வலி இரண்டு மூன்று நாள்களில் மறைந்தாலும், இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதற்காகப் பென்சிலினை 10 நாள்கள் தருகிறார்கள். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதங்கள். அதை இடையில் நிறுத்துவது நோயாளிக்கும் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும் பெருங்கேடு. எத்தனை நாள் என்பதை நோயே தீர்மானிக்கிறது. உடல் லேசாக இருப்பதாகத் தோன்றும் உணர்வு அதற்கு அளவாகாது.

எனவே என் விடை இதுதான்: நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டவும் செய்யாதீர்கள். மூன்றாம் நாளே தேறிவிட்டால் மருத்துவரைத் தொடர்புகொண்டு, எஞ்சியவற்றை எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது அவரை ஐயுறுவதாகாது. எடுத்துக்காட்டாக, சிறுநீர்த் தொற்று என்று கருதி எழுதியிருந்து, சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்றே இல்லை என்று தெரிந்தால் அவரே நிறுத்தச் சொல்லலாம். வேறொரு நோயென்றால் ஏன் தொடர வேண்டும் என்று விளக்குவார். எழுதித் தரும்போதே, எந்த நோய்க்காக, எத்தனை நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ்கள் என்பதால், இது தேவைதானா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எஞ்சிய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென்று சேமிப்பதும், வீட்டில் மற்றவருக்குக் கொடுப்பதும் கூடாது. மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட, நாளுக்குப் பல முறை நீராகவோ இரத்தத்துடனோ வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அதைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு போன்ற மாத்திரையை நீங்களாக எடுக்காமல், அண்மையில் எந்த ஆன்டிபயாடிக் எடுத்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் பெருகும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா அதற்குக் காரணமாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.