கணக்கு வருகிறது, அர்த்தம் வரவில்லை

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கார்ப்பரேட் ஃபைனான்ஸ், முதலீடு, ரிஸ்க் மேனேஜ்மென்ட் மூன்றும் இருக்கின்றன. ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். போட்டால் விடை வந்துவிடுகிறது. எதற்குப் போடுகிறோம் என்றுதான் புரியவில்லை. அப்பா சின்னதாக நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். சி.ஏ. முடிக்காமல் ஃபைனான்ஸ் படிப்பது வீண் என்கிறார் சித்தப்பா. தோழிகள் சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச முதலீட்டுத் தேர்வு என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– வாசகி, திருப்பூர்

பதில்: சித்தப்பாவை அப்புறம் பார்ப்போம். முதலில் அப்பாவின் ஷெட்டுக்குப் போங்கள்.

அவர் 10 லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி, கரண்ட் போக வருடம் 3 லட்சம் நிற்கும், 5 வருடம் ஓடும். மொத்தம் 15 லட்சம், 5 லட்சம் லாபம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நாளை வரும் ரூபாய்க்கு இன்றைய ரூபாயின் மதிப்பு இல்லை. பணத்தின் விலை, அதாவது அதற்கு வருடம் கொடுக்கும் வட்டி அல்லது எதிர்பார்க்கும் வருமானம், 12 சதவீதம் என்றால், அந்த 15 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு 10.81 லட்சம்தான். மிஞ்சுவது 81,000 ரூபாய் சொச்சம். நீங்கள் மனப்பாடம் செய்த என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு) இதுதான். 12-ஐ 16 ஆக்குங்கள்; 9.82 லட்சம் வரும், மெஷினே வேண்டாம். மறுபடி 12-க்கே வந்து, முதல் வருடம் ஆர்டர் இல்லாமல் 1 லட்சம்தான் வந்தது என்று மாற்றுங்கள். கிட்டத்தட்ட 97,000 ரூபாய் நஷ்டம். ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு விடை கவிழ்ந்துவிட்டதல்லவா? ரிஸ்க் பேப்பர் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

பரீட்சையில் அந்த 12-ஐக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. அதனால்தான் அர்த்தம் பிடிபடாமல் போகிறது. அப்பாவிடம் கேளுங்கள்: பேங்க் ஓ.டி.க்கு (கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுக்க விடும் கடன்) என்ன வட்டி? சொந்தப் பணத்தைப் போட்டால் எவ்வளவு எதிர்பார்ப்பீர்கள்? இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். அந்த யோசனைக்குத்தான் காஸ்ட் ஆஃப் கேபிடல், அதாவது போட்ட முதலின் விலை, என்று ஒரு முழு அத்தியாயம். (நான் படித்த காலத்தில் இதை யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. நானும் விடையை மட்டும் எழுதிவிட்டு வந்தவன்தான்.)

முதலீட்டுப் பேப்பருக்கு ஒன்றுதான் சொல்வேன். பொருளாதார நிபுணர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் எழுதியதன் சாரம், ஒரு பங்கு தனியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட மற்றவற்றோடு சேர்ந்து ஆடுகிறதா என்று பார் என்பது. வீட்டு வருமானம் பனியன் தொழிலில், வாடகைக்கு விட்டிருப்பதும் பனியன் கம்பெனிக்கு, வாங்கிய பங்கும் ஜவுளிப் பங்கு என்றால் கோரிலேஷனுக்கு, அதாவது சேர்ந்து ஆடுவதற்கு, வேறு உதாரணம் தேட வேண்டாம்.

ரிஸ்க் பேப்பரில்தான் உங்கள் ஊருக்குச் சொந்தக் கதை உண்டு. 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், வருடக் கடைசியில் 39 ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. டாலரில் பில் போடும் ஏற்றுமதியாளருக்கு அடி. வரப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி வங்கியில் ஃபார்வர்ட் புக் செய்து வைத்தால் நிம்மதி; லாபமும் இல்லை, தூக்கமும் கெடாது. ஆனால் திருப்பூர், கோவைப் பக்கம் பலர் அதைத் தாண்டி, டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான ஆப்ஷன்களில் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) கையெழுத்துப் போட்டார்கள். 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனது; பலருக்கு நஷ்டம். கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ், ஆக்சிஸ் வங்கியோடு செய்த அப்படிப்பட்ட ஒப்பந்தம் வெறும் பந்தயம், செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. பந்தயம் அல்ல என்று 2008-லேயே தீர்ப்பு வந்தது. அதைத் தேடிப் படியுங்கள். சர்க்கரை விற்கிறவருக்கு சுவிஸ் பிராங்கில் என்ன வேலை என்ற கேள்வியோடு படித்தால், ஹெட்ஜிங் (இருக்கிற ரிஸ்க்கைக் குறைப்பது) எங்கே முடிந்து ஊகம் எங்கே தொடங்குகிறது என்பது எந்தப் புத்தகத்தைவிடவும் தெளிவாகும்.

சரி, சித்தப்பா. கணக்கு, தணிக்கை, வரி பிடிக்குமென்றால் அவர் சொல்வது நல்ல வழிதான். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். ஆனால் அது இல்லாவிட்டால் வீண் என்பதை நான் ஏற்கவில்லை. நிறுவனங்களை அலசுவது பிடித்தால் சி.எஃப்.ஏ., மூன்று லெவல். வங்கி ரிஸ்க் பக்கம் என்றால் எஃப்.ஆர்.எம். என்ற ரிஸ்க் மேனேஜ்மென்ட் தேர்வு, இரண்டு பார்ட். இரண்டுக்கும் கட்டணம் டாலரில், எனவே தோழிகள் சேர்கிறார்கள் என்பதற்காகக் கட்டாதீர்கள். முதலில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வு ஒன்றை எழுதிப் பாருங்கள். கட்டணம் அவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. தயாராகும்போதே இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

மெஷின் கணக்கை இந்த வாரமே எக்செலில் போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். எண்களை அவர் திருத்துவார், திருத்தட்டும். பிறகும் சி.எஃப்.ஏ. மீது ஆசை இருந்தால், படிப்பு முடிய 23 மாதம் இருக்கும்போதே முதல் லெவல் எழுத விடுகிறார்கள். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் தேவையா என்று அவர்கள் விதியில் பார்த்து, தேவையென்றால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.