சோடியத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சோடியம் அயனி பேட்டரி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் முதுகலை இயற்பியல் மாணவன். ஆனோடுக்காக (பேட்டரியின் எதிர்முனை), போரான் கலந்த கிராஃபீன் தாளில், அதாவது ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளில், சோடியம் எப்படி ஒட்டுகிறது என்று டிஎஃப்டி (எலெக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் கணினி முறை) கணக்குப் போட்டேன். ஒட்டும் ஆற்றல் 2.6 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றல் அலகு) வந்தது. தாளின் இரு பக்கமும் நிரப்பினால் கொள்ளளவு கிராமுக்கு 1100 மில்லிஆம்பியர்-மணி. சோதனைக்கூட நண்பர்களோ, “கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடும்” என்று சிரிக்கிறார்கள். இந்தக் கணக்குகளுக்கு மதிப்பே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் தூக்கிக் காட்டும் இரண்டு எண்களிலும் அது இல்லை.

2.6 என்பது தனி சோடியம் அணுவை ஒப்பிட்டு வந்த எண் என்று எடுத்துக்கொள்கிறேன். சோடியம் தன் சொந்த உலோகத்திலேயே அணுவுக்கு சுமார் 1.1 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் பிணைந்திருக்கிறது. தாள் அதைவிடத் தளர்வாகப் பிடித்தால் சோடியம் தாளில் பரவாமல் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிதட்டிவிடும். குறையில்லாத வெறும் கிராஃபீனுக்கு உள்ள சிக்கலே அதுதான். போரானுக்குக் கார்பனைவிட ஓர் எலெக்ட்ரான் குறைவு. சோடியம் தன்னுடையதைக் கொடுத்து அந்தக் குறையை நிரப்புகிறது. அதனால் உங்கள் தாள் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டது.

தாண்டியதோடு நிற்காமல் வெகுதூரம் போய்விட்டது என்பதுதான் தொல்லை. 2.6-ல் 1.1 போனால் மிச்சம் 1.5. ஒரு சோடியத்துக்கு ஓர் எலெக்ட்ரான் என்பதால் இந்த எண்ணை அப்படியே வோல்ட்டாகப் படிக்கலாம். சோடியம் உலோகத்தை ஒப்பிட்டால் முதல் அணு நுழையும்போது உங்கள் ஆனோடின் மின்னழுத்தம் ஏறத்தாழ அதுதான். 3 வோல்ட் கேத்தோடோடு (நேர்முனை) கோத்தால் பேட்டரிக்குத் தேறுவது 1.5 வோல்ட். தவிர, போரான் அருகே மாட்டிக்கொண்ட சோடியம் எளிதில் கிளம்பாது. அறை வெப்பநிலையில் நகர்வதற்கான தடை 0.06 எலெக்ட்ரான் வோல்ட் கூடினாலே தாவும் வேகம் பத்தில் ஒன்றாகக் குறையும்.

1100-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெற்றிடத்தில் மிதக்கும் ஒற்றைத் தாளுக்குத்தான் இரண்டு பக்கமும் முழுதாகச் சொந்தம். உண்மையான ஆனோடில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதால், நடுவில் உள்ள இடத்தை இரண்டு தாள்கள் பங்கு போட்டுக்கொள்ளும்.

கணக்கு எங்கே கைகொடுத்தது என்று கேட்டால் கிராஃபீன் தாள்கள் அடுக்கடுக்காக அமைந்த கிராஃபைட்டைச் சொல்வேன். லித்தியம் அதில் ஆறு கார்பனுக்கு ஒன்றாக நுழைந்து கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி தருகிறது. சோடியம் அப்படி நுழைவதில்லை. அயனி பெரிது என்பதே பலரும் சொன்ன காரணம். ஆனால் அதைவிடப் பெரிய பொட்டாசியம் எட்டு கார்பனுக்கு ஒன்றாக நுழைந்துவிடுகிறதே! 2016-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்துக் காட்டினார்கள்: லித்தியம், சோடியம், பொட்டாசியம் அடங்கிய கார உலோகங்களில் பொதுவாகவே மிகத் தளர்வாகப் பிணைவது சோடியம்தான். நுழையவில்லை என்று சோதனைக்கூடம் முன்பே கண்டிருந்தது. ஏன் என்பதைக் கணக்குதான் விளக்கியது. சிரிக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, சோடியத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு படிக்கும் மின்னழுத்தம் கணக்கிடுங்கள். அது சுழியத்துக்குக் கீழே இறங்கினால் சோடியம் தாளில் ஒட்டாமல் உலோகமாகவே படியும்; அந்த இடத்தோடு கொள்ளளவை நிறுத்திக்கொள்ளுங்கள். தாள்களுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பைக் கணக்கில் கொள்ளும் வான் டெர் வால்ஸ் திருத்தத்தைச் சேர்க்காமல் அடுக்குகளைக் கணக்கிட வேண்டாம். பிறகு போரானுக்குப் பதில் நைட்ரஜன் வைத்துப் பாருங்கள். கார்பனின் இடத்தில் நேராக உட்கார்ந்தால் அது சோடியத்தின் பிடியைத் தளர்த்தும். அணு விடுபட்ட பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் இறுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆனோடுக்கு ஏற்ற மின்னழுத்தம் கிடைக்கிறதா என்று தேடுவது 1100-ஐவிட நல்ல ஆய்வேடு.