நோயிலிருந்து மீண்ட கதையை உண்மையாக எழுதுவது எப்படி?

நோயில் விழுந்து எழும்பிய அனுபவத்தை, மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் காசநோய் வந்து குணமானதை மல்லாவியில் இருந்தபடி 2 வருடங்களாக எழுதி வருகிறேன். முதலில் எழுதிய 40 பக்கங்களையும் கிழித்துவிட்டேன். ஒரு நாள்கூடத் தவறாமல் குளிசை போட்டதாக அதில் எழுதியிருந்தேன், அது பொய்.

முதல் 2 மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு வகை என்பதே வழமையான சிகிச்சை. அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின் போட்ட முதல் நாள், சிறுநீர் தோடம்பழச் சாற்றின் நிறத்தில் போனதைக் கண்டு இரத்தமென்று நடுங்கி, வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். (நிறம் மாறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், பயத்தில் மறந்துபோனேன்.) மூன்றாம் மாதம் இருமல் நின்று, பசி திரும்பி, பெரும்போக அரிவு வெட்டும் தொடங்கியபோது, 11 நாட்களுக்குரிய குளிசைகளை ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு மூடிவைத்தேன். இடையில் நிறுத்தினால் மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும் என்று தெரிந்துகொண்டே அதைச் செய்தேன். தாதி கேட்டபோது போட்டதாகவே சொன்னேன். அடுத்த கிளினிக்கில் அழுதுகொண்டு உண்மையைச் சொன்ன பிறகு சிகிச்சைக் காலமும் நீண்டது.

ஆகவே கிளினிக் அட்டை, சளிப் பரிசோதனை முடிவு, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். நான் வெறும் நினைவை நம்பி எழுதியபோது என்னைத் தைரியசாலியாகவே எழுதினேன். அட்டையை எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த 11 நாட்களும் பக்கத்துக்கு வந்தன.

அதைவிடக் கடினமானது வீட்டாரைப் பற்றி எழுதுவது. அம்மா எனக்கென்று ஒரு கோப்பையையும் பேணியையும் ஒதுக்கி வைத்திருந்தார். காசநோய் காற்றினால் பரவுவதேயன்றிக் கோப்பையால் பரவுவதில்லை என்பதை அறிந்த பின், அவரை இரக்கமற்றவராக எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்தை அவருக்கே வாசித்துக் காட்டினேன். "உன்னை ஒதுக்கேல்லையடா தம்பி. அக்காவின்ர பிள்ளை உன்ர பேணியைத்தான் தூக்கிக்கொண்டு திரியும், அந்தப் பயம்தான்" என்றார். எனக்கு வலித்ததையும் அவர் சொன்னதையும் இப்போது அடுத்தடுத்த பந்திகளில் வைத்திருக்கிறேன். தங்கையைப் பற்றிய ஒரு பந்தியை எடுத்துவிடச் சொன்னார். அது அவளுடைய கதை என்பதால் அவளிடமே கேட்டேன். வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன்.