1942இல், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவகோட்டைக் கோர்ட்டையும் திருவாடானைச் சிறையையும் மக்கள் ஏன் குறிவைத்தார்கள்?

முதலில் ஒன்று: இது திட்டமிட்ட ஆயுதக் குழுவின் வேலை இல்லை. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் காந்தி உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். பொறுங்கள் என்று சொல்ல ஆளில்லாமல் போனதும், ஊர் ஊராக மக்களே முடிவெடுத்தார்கள்.

சரி, ஏன் கோர்ட்? பம்பாயிலோ டெல்லியிலோ இருக்கும் அரசு தேவகோட்டைக்காரர் கண்ணில் படாது. சம்மன், ஜப்தி, அபராதம் எல்லாம் வருவது கோர்ட்டிலிருந்துதான். வட்டித்தொழில் நடந்த ஊரில் கடன் பத்திரமும் அடமான வழக்கும் இல்லாத ரெக்கார்டு அறை ஏது? அந்தக் கட்டடத்துக்குத்தான் கூட்டம் தீ வைத்தது. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின.

திருவாடானை கதை வேறு. அங்கே குறி கட்டடம் அல்ல, உள்ளே இருந்த ஆள். மேடைப் பேச்சால் பெயர் பெற்றிருந்த இளைஞர் சின்ன அண்ணாமலையை அங்கே அடைத்திருந்தார்கள். பட்டப்பகலில் திரண்ட கூட்டம் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தது. ராணுவப் பயிற்சியா, துப்பாக்கியா? கிராமத்து வீட்டில் கிடக்கும் கம்பும் கடப்பாரையும்தான். தாலுகா சிறையில் காவலுக்கு இருப்பது ஒரு சில பேர். ஊரே திரண்டு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அப்புறம் வந்த போலீஸ் அடக்குமுறைதான் கொடுமை. அதற்குப் பலர் பலியானார்கள். சின்ன அண்ணாமலை பிற்பாடு சென்னையில் 'தமிழ்ப் பண்ணை' பதிப்பகம் நடத்தினார்.