குளிரில் சாம்பல் சிமெண்ட்

கேள்வி: சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் தளம் போட்டிருக்கிறோம். தளத்தைத் தாங்கும் முட்டுகளை ஏழாம் நாளே எடுக்கலாம் என்கிறார் மேஸ்திரி. தை மாதக் குளிரில் சரிவருமா?
– வாசகர், உதகை

பதில்: கூடாது. ஏழு நாள் என்பது சாம்பல் கலக்காத சாதாரண ஓ.பி.சி. சிமெண்டில், தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கான கணக்கு. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். சிமெண்ட் நீரோடு சேரும்போது வெளிவிடும் சுண்ணாம்பைப் பிடித்துத்தான் அது இறுகும். குளிரில் அந்த வேலை நத்தை வேகம். பலம் குறையாது, தாமதமாக வரும், அவ்வளவுதான். 14 நாளாவது முட்டு நிற்கட்டும். உறைபனி விழுந்தால் இன்னும் சில நாள். கியூரிங் (தளத்தை ஈரமாகவே வைத்திருப்பது) குறைந்தது 10 நாள். இரவில் தார்ப்பாயால் மூடி, மேலே வைக்கோல் பரப்புங்கள். அடுத்த தளத்துக்கு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மணலின் ஈரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். (மேஸ்திரிகள் மறப்பது இதைத்தான்.)