தோசையைப் பிய்த்ததற்கா இத்தனை அழுகை?

வாசகியின் கடிதம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 32 வயது. கிண்டியில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வீடு மேற்குத் தாம்பரம். கணவருக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வேலை, வாராவாரம் ஷிஃப்ட் மாறும். மகளுக்கு மூன்றரை வயது. கூடவே இருந்து அவளைப் பார்த்துக்கொண்ட என் அம்மா, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஜூனில் கும்பகோணம் திரும்பிவிட்டார். அதிலிருந்து பாப்பாவுக்குக் காலையில் பிளே ஸ்கூல், மதியத்திலிருந்து அதே இடத்தில் கிரெச்.

போன செவ்வாய்க்கிழமையை அப்படியே எழுதுகிறேன். அவருக்கு ஏ ஷிஃப்ட். கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கே வந்துவிடும், நாலு மணிக்கு எழுந்து காபி போட்டுக் கொடுத்தேன். அப்புறம் படுக்கவில்லை. இட்லி ஊற்றி, டப்பா கட்டி, 6.45க்குப் பாப்பாவை எழுப்பினேன். எழும்போதே சிணுங்கல். சாக்ஸின் தையல் விரலில் குத்துகிறதாம், மூன்று ஜோடி மாற்றினேன். அன்று நான் எத்தனை ‘சீக்கிரம்’ சொன்னேனோ தெரியாது. ஷூ மாட்டும்போது அவள் தன் பொம்மையைப் பார்த்து, “சீக்கிரம் சாப்டு, டிரெய்ன் போயிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிரெச்சில் சேர்த்த புதிதில் இரண்டு வாரம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நீங்க சொல்லாம கிளம்பிடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார் அங்கிருக்கும் ஆயாம்மா. அதிலிருந்து அவர் மீன் தொட்டியைக் காட்டுவார், நான் நழுவிவிடுவேன். சில நாள் “அம்மா கடைக்குப் போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ஓடுவேன். இப்போது காலையில் அழுகை இல்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ரயில், ஷேர் ஆட்டோ எல்லாம் முடிந்து அங்கே போய்ச் சேர 6.45 ஆகிவிடும். “உங்க பொண்ணு தங்கம்ங்க. சமத்தா சாப்பிடறா, மதியம் ஒரு மணி நேரம் தூங்கறா, அழறதே கிடையாது” என்பார்கள். கேட்டைத் தாண்டியதுமே தொடங்கிவிடும். பையை அவளே தூக்கவேண்டும் என்பாள். கொடுத்தால் கீழே போடுவாள். வீட்டுக்கு வந்ததும் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு நான் சமையலறைக்குப் போவேன். அன்று எட்டரைக்குத் தோசை ஊற்றி, பிய்த்துத் தட்டில் வைத்தேன். “ஏன் பிச்சே? ஒட்ட வை!” என்று ஆரம்பித்தாள். வேறு தோசை ஊற்றித் தருகிறேன் என்றாலும் கேட்கவில்லை, அதே தோசையைத்தான் ஒட்டவைக்க வேண்டுமாம். இருபது நிமிடம் தரையில் புரண்டு அழுதாள். முதுகில் இரண்டு வைத்துவிட்டேன். விக்கிக்கொண்டே, “சாரிம்மா, நான் குட் கேர்ள்” என்றாள்.

கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன சத்தம்?” என்றார். அவர் நல்லவர், கேட்டால் ஹெல்ப் பண்ணுவார். ஏ ஷிஃப்ட் வாரத்தில் மூன்றரைக்கு வந்து படுத்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார்.

பாப்பா தூங்கப் பத்தரை ஆகிறது. என் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள், உருவினால் விழித்துவிடுகிறாள். நான் பாத்ரூம் கதவைச் சாத்தினால் வெளியே நின்று தட்டுகிறாள். “யாருக்குச் சம்பாதிக்கிறே? புள்ள ஏங்கிப்போச்சு” என்கிறார் நாத்தனார். வீட்டுக் கடன் தவணை என் சம்பளத்தில்தான் போகிறது. ஆனாலும் லேடீஸ் பெட்டியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளாத நாளில்லை. வெளியாட்களிடம் தங்கமாக இருப்பவள் என்னிடம் மட்டும் இப்படி இருந்தால், குறை என்னிடம்தானே? வேலையை விட்டுவிடவா?

— தாம்பரம் வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தத் தோசை. நீங்களே யோசித்துப் பாருங்கள்: ஆபீஸில் ஒருவர் காலையிலேயே ஏதோ சுருக்கென்று சொல்லிவிடுகிறார். அங்கே சிரித்துச் சமாளிக்கிறீர்கள். இரவு கரண்டி கீழே விழுந்ததும் சிங்க்கில் பாத்திரத்தை ‘ணங்’கென்று போடுகிறீர்கள். பாத்திரம் என்ன செய்தது? மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வரிசையில் நிற்பது, பொம்மையை விட்டுக்கொடுப்பது, பிடிக்காத பொரியலை முழுங்குவது எல்லாமே வேலைதான். பத்து மணி நேரம் சமத்தாக இருந்து களைத்தவள், யாரிடம் காட்டினாலும் அன்பு குறையாது என்று தெரியுமோ அவரிடம் போய்க் கொட்டுகிறாள். கிரெச்சில் ‘தங்கம்’ என்றதை உங்கள் மேல் சுமத்திய குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்த இடம் மீன் தொட்டிதான். ஆயாம்மாவைக் குறை சொல்லமாட்டேன், நம் வீடுகளில் பாட்டிமார்களும் இதையேதான் செய்வார்கள். அந்த நேரத்துக்கு அழுகை நிற்கும். பிள்ளை கற்றுக்கொள்வதோ வேறு: நான் மீனைப் பார்த்தால் அம்மா காணாமல் போய்விடுவாள். கடைக்குப் போன அம்மா இருட்டிய பிறகுதான் வருவாள். அப்படியிருக்க, பாத்ரூம் கதவை எந்த நம்பிக்கையில் சாத்தவிடுவாள்? துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொள்வதும் அதற்குத்தான். காலையில் அழுகை நின்றது பழகியதால் மட்டும் இல்லை. அழ ஆளில்லை, அவ்வளவுதான்.

அதனால் நாளையிலிருந்து சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். 6.45 என்றால் அவளுக்குப் புரியாது. “தூங்கி எழுந்து, பால் குடிச்சு, விளையாடி முடிச்சு, லைட் போட்டதும் அம்மா வருவேன்” என்று அவளுடைய கடிகாரத்தில் சொல்லுங்கள். ஒரு முத்தம், ஒரு டாட்டா, திரும்பிப் பார்க்காமல் நடை. வாசலில் பத்து நிமிடம் நின்று சமாதானம் செய்வதும் நழுவுவதைப் போலவே கெடுதல். ரயில் தாமதமானால் கிரெச்சுக்குப் போன் போட்டு அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதல் சில நாள் அழுகை மறுபடி வரும், பழையபடி பலமாகவே வரும். பயந்து மீன் தொட்டிக்குத் திரும்பிவிடாதீர்கள். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்து 1978இல் எழுதிய ஆய்வு எங்கள் துறையில் பிரபலம். அம்மா அறையை விட்டுப் போகும்போது பிள்ளை அழுததா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் எப்படி ஆறியது என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார்.

இரவுக் கணக்கும் இடிக்கிறது. பத்தரையிலிருந்து 6.45 வரை எட்டேகால் மணி நேரம், மதியம் ஒன்று, ஆக ஒன்பதேகால். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சாக்ஸ் தையல் குத்துவதில் பாதி இந்தத் தூக்கக் குறைவாக இருக்கலாம். ஒன்பதரைக்குப் படுக்கவையுங்கள். அதற்கு வழி, வீட்டுக்கு வந்ததும் செய்யும் காரியங்களை மாற்றிப்போடுவது. பையில் ஒரு வாழைப்பழம் வைத்துக்கொண்டு, கிரெச் வாசலிலேயே கொடுங்கள். நாலு மணிக்குப் பிஸ்கட் தின்ற பிள்ளை எட்டரை வரை தாங்காது. வீட்டில் முதல் கால் மணி நேரம் தரையில் உட்காருங்கள். சமையலறையும் வேண்டாம், செல்போனும் வேண்டாம், “இன்னைக்கு என்ன படிச்சே” விசாரணையும் வேண்டாம். மடியில் ஏறினால் ஏறட்டும், சும்மா இருந்தால் இருக்கட்டும். குக்கர் அதற்குப் பிறகு. செல்போனைப் பற்றித் தனியாக மிரட்டமாட்டேன். அதே நிறுவனம் இந்த வயதுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது, இப்படி மாற்றினாலே அது தானாகக் குறையும்.

அடித்ததைச் சரி என்று சொல்லமாட்டேன். அதைவிட என்னை உறுத்தியது அந்தச் ‘சாரிம்மா’. அன்று அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். நம் ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை, கூச்சமாக இருக்கும். இருந்தாலும், “அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு. கோவம் வந்தாலும் அடிக்கக் கூடாது” என்று இரண்டே வரி சொல்லுங்கள். கட்டிப்பிடித்து அழுதுவிடாதீர்கள், அப்புறம் அவள் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள்.

இனி, கேட்டால் ஹெல்ப் பண்ணுகிறவர். ‘ஹெல்ப்’ என்ற சொல்லை நீங்களே போட்டிருக்கிறீர்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம் என்கிறது மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. நாலு மணிக்குக் காபி போட்ட உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஏ ஷிஃப்ட் வாரத்தில் அவர் மூன்றரைக்கே வீட்டில் இருக்கிறார், பிள்ளையோ 6.45 வரை கிரெச்சில் இருக்கிறாள். உடம்பு அசந்துதான் வருவார், மறுக்கவில்லை. ஐந்து மணி வரை தூங்கட்டும், ஐந்தரைக்குப் போய் அழைத்து வரட்டும். உங்கள் தோசைக்கு முன்பே ஒரு ரவுண்டு அழுகை அவரிடம் முடிந்திருக்கும்! பி ஷிஃப்ட் வாரத்தில் காலையில் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. இரவு ஷிஃப்ட் வாரத்தை மட்டும் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். கெஞ்சியோ சண்டை போட்டோ கேட்க வேண்டாம், காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

வேலையை விடுவது பற்றி இப்போது நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே விட்டுவிடலாம் என்று தோன்றினால் அது தனிப் பேச்சு, தவணையையும் சேர்த்து நிதானமாகப் பேசலாம். நாத்தனார் வாய்க்காகவோ ஒரு தோசைக்காகவோ ராஜினாமா எழுத வேண்டியதில்லை.

ரயிலில் தினமும் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தையும் வேலைப் பளுவையும் சரிசெய்த பிறகும் இரண்டு வாரம் அப்படியே தொடர்ந்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போக நேரமில்லை என்றால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், ரயிலிலிருந்துகூட.

இன்று இரவு தோசையைப் பிய்ப்பதற்கு முன், “முழுசா வேணுமா, பிச்சுத் தரவா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த ஏ ஷிஃப்ட் வாரத்தில் பாப்பாவை யார் அழைத்து வந்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.