அங்கோரில் எந்தச் சீட்டு, எந்த வாசல்?

கேள்வி: டிசம்பரில் நான்கு நாள் கம்போடியாவின் சியெம் ரீப் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், முழங்கால் வலியுள்ள என் அப்பா. அங்கோர் கோயில்களைப் பார்க்க ஒருநாள் சீட்டு போதுமா? அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்த்தே ஆகவேண்டுமா? அப்பா சுத்த சைவம்.

பதில்: மூன்றுநாள் சீட்டே வாங்குங்கள். ஒருநாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. இரண்டாம் நாளும் போக ஆசை வந்தால் 74 ஆகிவிடும். மூன்று நாளும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை, 10 நாளுக்குள் இருந்தால் போதும். அப்பாவுக்கு நடுவில் ஒருநாள் ஓய்வு கிடைக்கும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, மகளின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கோயில் வாசலில் சீட்டு கிடைக்காது. சீட்டு விற்கும் அரசு நிறுவனமான அங்கோர் எண்டர்பிரைஸ் அலுவலகத்திலோ அவர்களுடைய இணையதளத்திலோதான் வாங்க வேண்டும்.

சூரிய உதயத்துக்காக அப்பாவை நாலு மணிக்கு எழுப்பாதீர்கள். அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். காலையில் குளக்கரைக் கூட்டத்தில் நின்றால் தெரிவது கோபுரங்களின் கறுப்பு நிழல்தான். முகப்பில் வெயில் விழுவது மாலையில். காலையில் போவதானால் டுக்டுக் (அங்கத்து ஆட்டோ) ஓட்டுபவரிடம் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மரங்களுக்கு நடுவே மண்பாதை, ஆள் குறைவு. கிழக்குச் சுற்றுக்கூடத்தின் தென்பாதியில்தான் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது, 49 மீட்டர் நீளம். வாசுகியை அசுரர் ஒரு பக்கமும் தேவர் மறுபக்கமும் இழுக்கிறார்கள். அங்கே மட்டும் அரைமணி நேரம் நில்லுங்கள்.

ஒரு விஷயம் நம்மவர்களைக் குழப்பும். கோயிலுக்குள் நுழைந்ததும் நம் கால் தானாக வலம் வரத் தொடங்கிவிடும். இங்கே சிற்ப வரிசை இடமாகச் சுற்றுகிறது. மேற்கு வாசலில் வலக்கைப் பக்கம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரம், தெற்கில் மன்னன் இரண்டாம் சூர்யவர்மனின் பவனி, சொர்க்க நரகக் காட்சிகள், பிறகு பாற்கடல். அந்த மன்னன் 12ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில் இது. இடமாகச் சுற்றுவது ஈமச் சடங்கின் வழக்கம். இந்த அப்பிரதட்சிணத்தை வைத்து, இது அவனுடைய பள்ளிப்படையாகவும், அதாவது இறந்த மன்னனுக்கான நினைவுக் கோயிலாகவும், இருக்கலாம் என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள்.

சுற்றுக்கூடத்துக்கு ஏறச் சில படிகள்தான். உச்சியிலுள்ள பாக்கான் அடுக்குக்குப் படி ஏணி மாதிரிச் செங்குத்து. 12 வயதுக்குட்பட்டவர்களை அங்கே விடுவதும் இல்லை. தாத்தாவும் பேத்தியும் கீழே நிழலில் உட்காரட்டும், நீங்கள் இருவரும் ஏறிவிட்டு வாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், மேலே துண்டைப் போர்த்திச் சமாளிக்க முடியாது. தா கேயோ, ப்ரே ரூப் இரண்டும் மலைபோல் படிக்கட்டு உயரும் கோயில்கள், அப்பாவுக்கு வேண்டாம். தா ப்ரோம், ப்ரியா கான் கோயில்கள் இரண்டும் பெரும்பாலும் சமதளம். ஒரு காலைப் பொழுதைப் பன்தே ஸ்ரேக்கு ஒதுக்குங்கள். 967இல் பிரதிஷ்டையான சின்னச் சிவன் கோயில், செம்மணற்கல்லில் மரவேலை போன்ற நுணுக்கம். தூரம் என்பதால் டுக்டுக் வாடகை தனி, கிளம்புமுன் பேசிக்கொள்ளுங்கள். மதியம் 11 முதல் 3 வரை அறையில் படுத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஜாக்கிரதை. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும், பிரஹோக் என்கிற மீன் விழுது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். "ஞாம் புவோஹ்" என்றால் துறவியர் போலச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஊருக்குள் இந்திய உணவகங்களும் உண்டு.

டாலர் நோட்டுகள் சின்னத் தொகையாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். மீதிச் சில்லறை கம்போடியப் பணமான ரியேலில் வரும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000.